எச்சரிக்கை: 'வாடகை உத்தரவாதம்' என்ற சொல்லை நம்பி ஐந்து மாத வாடகையை இழந்தேன்

நேற்று மாலை வந்த ஒரு மின்னஞ்சலைப் படித்ததிலிருந்து உறக்கமில்லை. விடிவதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், ஆகவே எங்கேனும் சூடு கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். வாடகைக்கு ஆள் பிடித்துத் தருவது, மாதாமாதம் வாடகையை வசூலித்து அனுப்புவது, வீட்டையும் பார்த்துக்கொள்வது என்று எல்லாவற்றையும் தாமே செய்வதாகச் சொல்லும் ஓர் இணையவழி நிறுவனத்தை நம்பி, ஐந்து மாத வாடகையை முழுதாகப் பறிகொடுத்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. என்ன வகை நிறுவனம் என்று தெரிந்தாலே போதும். ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே வாடகைதாரர் வெளியேறினால் உரிமையாளர் என்னென்ன செய்ய முடியும் என்பதையும் கடைசியில் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

வீடு இருக்கும் ஊர் வேறு, நான் வசிக்கும் ஊர் வேறு. அதனால்தான் இடையில் ஒருவர் தேவைப்பட்டார். அந்த நிறுவனத்தின் சார்பில் வீட்டைப் பார்க்க வந்த இளைஞர், அறை அறையாகப் படம் எடுத்துக்கொண்டு வந்தவர், குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருப்பதைக் கண்டதும், பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துத் தாமே முறுக்கி நிறுத்தினார். கைக்குட்டையால் கையைத் துடைத்தபடி, "இனிமேல் இதெல்லாம் எங்கள் வேலை சார், நீங்கள் வரவே வேண்டாம்" என்றார். நான் ஏமாந்த இடம் அதுதான். யாரும் கேட்காமல் ஒருவர் குழாயை அடைக்கிறார் என்றால் அவர் சொல்வதெல்லாம் மெய்யாகத்தான் இருக்கும் என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிடுகிறது.

அப்போதும் நான் ஒரு கேள்வியைக் கேட்கத்தான் செய்தேன். இரண்டு ஆண்டு ஒப்பந்தம், முதல் 12 மாதங்கள் லாக்-இன், அதாவது வாடகைதாரர் காலி செய்யக் கூடாத காலம், அதற்குப் பிறகு இரண்டு மாத முன்னறிவிப்பு என்று எழுதியிருக்கிறீர்களே, லாக்-இன் காலத்திலேயே அவர் கிளம்பிவிட்டால் நான் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் டேப்லெட்டை என் பக்கம் திருப்பி, ஒரு பத்தியின் மேல் விரலை வைத்தார். லாக்-இன் காலத்தில் வாடகைதாரர் வெளியேறினால் மீதமுள்ள மாதங்களின் வாடகையை நிறுவனமே 'உத்தரவாதத் திட்டத்தின்' கீழ் செலுத்தும் என்று இருந்தது. "அதற்குத்தானே சார் நாங்கள் இருக்கிறோம்" என்றார். அந்தப் பத்தியின் கடைசி வரியில், 'திட்ட விதிமுறைகளுக்கு உட்பட்டது' என்று ஒரு சுட்டி இருந்தது. அதை நான் தொடவில்லை. சேவைக் கட்டணமாக ஒரு மாத வாடகையும், உத்தரவாதத்திற்காக மாதந்தோறும் வாடகையில் 6 சதவீதமும் பிடித்துக்கொள்ளச் சம்மதித்துக் கையெழுத்திட்டேன். வாடகைதாரர் தந்த இரண்டு மாத அட்வான்ஸ் தொகையும் 'பாதுகாப்பாக' அவர்களிடமே இருக்கட்டும் என்றார்கள், அதற்கும் தலையாட்டினேன்.

ஏழு மாதங்கள் எந்தக் குறையும் இல்லை. எட்டாவது மாதம் முதல் வாரத்தில் செயலியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது: 'வாழ்த்துகள்! உங்கள் வீடு இப்போது புதிய வாடகைதாரருக்குத் தயார்.' வாழ்த்துகளாம். வாடகைதாரர் முந்தைய நாளே காலி செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்பதை எனக்குத் தெரிவித்த முதல் செய்தி அதுதான்.

உடனே வாடகைதாரரை அழைத்தேன். அவர் ஒளிக்கவில்லை. வேலை மாற்றம் வந்துவிட்டதாகவும், 19 நாட்களுக்கு முன்பே செயலி வழியாக முறையாக எழுதித் தெரிவித்துவிட்டதாகவும், நிறுவனம் என்னிடம் சொல்லியிருக்கும் என்றே நினைத்ததாகவும் சொன்னார். சொன்னதோடு நில்லாமல் ஒரு சீட்டின் படத்தையும் அனுப்பினார். நிறுவனத்தின் ஊழியர் வீட்டுக்கு வந்து, சாவியைப் பெற்றுக்கொண்டு எழுதிக் கொடுத்த சீட்டு அது. 'சாவி 2. நிலுவை இல்லை. ஒப்படைப்பு நிறைவு.' அதன் கீழே ஒரு கிறுக்கல் கையொப்பம். கையொப்பத்தின் கீழே 'உரிமையாளர் சார்பாக' என்று ஒரு ரப்பர் முத்திரை. அட்வான்ஸ் தொகையிலிருந்து ஒரு பைசாக்கூடப் பிடிக்காமல் மூன்றே நாட்களில் அவருக்குத் திருப்பியும் அனுப்பிவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று எனக்கு அந்தச் சீட்டின் பொருள் முழுவதும் விளங்கவில்லை. உத்தரவாதம் இருக்கிறதே என்ற தைரியத்தில், மீதமுள்ள ஐந்து மாத வாடகையைக் கேட்டுச் செயலியில் விண்ணப்பித்தேன். புகார் எண் ஒன்று வந்தது. 48 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம் என்று பதிலும் வந்தது. பத்தாவது நாள் நானே அழைத்தேன். உங்கள் கோரிக்கை வேறொரு பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்றார்கள். அந்தப் பிரிவுக்குத் தொலைபேசி கிடையாது, மின்னஞ்சல் மட்டும்தான். மின்னஞ்சல் அனுப்பினால், இது தானியங்கிப் பதில், இதற்கு மறுமொழி அனுப்ப வேண்டாம் என்று வருகிறது. அரட்டைப் பெட்டியில் கேட்டால், 'உங்கள் ஏமாற்றத்தைப் புரிந்துகொள்கிறோம்' என்ற ஒரே வாக்கியத்தை மூன்று வெவ்வேறு பெயர்களில் மூன்று பேர் எழுதுகிறார்கள். குழாயை அடைத்த இளைஞரின் எண்ணுக்கு அழைத்தேன். அவர் வேலையை விட்டுப் போய்விட்டதாக வேறொருவர் சொன்னார். இரண்டாம் மாதத்தில் பழைய புகார் எண்ணை மூடிவிட்டுப் புதிய எண் கொடுத்தார்கள், காத்திருப்பும் முதலிலிருந்து தொடங்கியது.

இதையெல்லாம்கூட அலட்சியம் என்று மன்னித்துவிடலாம். மன்னிக்கவே முடியாதது இன்னொன்று. மூன்றாவது வாரத்தில், பக்கத்து வீட்டுக்காரர் மூலம் ஒரு குடும்பம் வீட்டைக் கேட்டு வந்தது. வாடகையில் சிறிது குறைத்துக் கேட்டார்கள், அடுத்த மாதமே குடிவரத் தயாராக இருந்தார்கள். கொடுத்துவிடலாமா என்று நிறுவனத்தின் உதவி எண்ணில் கேட்டேன். "க்ளெய்ம் பரிசீலனையில் இருக்கும்போது வேறு ஆளை வைத்தால் க்ளெய்ம் தானாகவே ரத்தாகிவிடும் சார், முடியும் வரை அப்படியே வைத்திருங்கள்" என்றார் எதிர்முனையில் இருந்த பெண். எழுதித் தாருங்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வந்த குடும்பத்தை அனுப்பிவிட்டேன். வீடு ஐந்து மாதம் பூட்டிக் கிடந்தது. பராமரிப்புக் கட்டணமும் வரியும் அந்த ஐந்து மாதமும் என் கையிலிருந்தே போயின. அவற்றை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

நேற்று வந்த மின்னஞ்சல் கோரிக்கையை நிராகரித்தது. காரணங்கள் இரண்டு. முதலாவது, வாடகைதாரர் முன்னறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் உரிமையாளர் கோரிக்கையைப் பதிவு செய்திருக்க வேண்டுமாம். நான் தொடாத அந்தச் சுட்டியின் உள்ளே அப்படி இருக்கிறதாம். முன்னறிவிப்பு வந்தது அவர்களுக்கு. 19 நாட்கள் அதை வைத்துக்கொண்டு என்னிடம் வாய் திறக்காமல் இருந்ததும் அவர்களே. தாமதம் மட்டும் என்னுடையது. இரண்டாவது காரணத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்: 'ஒப்படைப்பு நிலுவையின்றி நிறைவடைந்துள்ளதால் ஒப்பந்த மீறல் ஏதும் நிகழவில்லை.' அவர்களுடைய ஊழியர் எழுதிய சீட்டையே எனக்கு எதிரான சாட்சியாகக் காட்டுகிறார்கள். ஐந்து மாத வாடகை போயிற்று. ஏழு மாதமாக நான் கட்டிய 6 சதவீதத்தைக் கூட்டினால் அதுவே கிட்டத்தட்ட அரை மாத வாடகை, அதுவும் போயிற்று.

நேற்று இரவே தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை எழுப்பிக் கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் கோபம் இருமடங்கானது.

வாடகைதாரர் பாதியில் போனால் உரிமையாளருக்கு முன் முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன என்றார். ஒன்று, வெளியேறுவதை ஏற்றுக்கொண்டு ஒப்பந்தத்தை அத்துடன் முடித்துக்கொள்வது. மற்றொன்று, ஏற்க மறுத்து, நீங்கள் இன்னும் பொறுப்பாளிதான் என்று எழுதித் தெரிவித்துவிட்டு, நஷ்டத்தைக் கேட்பது. எதைத் தேர்ந்தோம் என்பதை நம் வாய்ச்சொல்லை விட நம் செயலே காட்டிக்கொடுக்கும். சாவியை எந்த ஆட்சேபமும் இல்லாமல் வாங்கி, நிலுவை இல்லை என்று எழுதி, அட்வான்ஸையும் திருப்பிக் கொடுத்துவிட்டால், குத்தகையை, அதாவது வீட்டை வைத்திருக்கும் உரிமையை, வாடகைதாரர் திருப்பி ஒப்படைத்ததை நாம் ஏற்றுக்கொண்டதாகவே பொருள்படும். இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தில் 111ஆவது பிரிவு, வெளிப்படையாகச் சொல்லாமல் நடத்தையாலேயே நிகழும் ஒப்படைப்பையும் குத்தகை முடியும் வழிகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. 'உரிமையாளர் சார்பாக' என்ற ஒரு ரப்பர் முத்திரை வாடகைதாரர் மீது எனக்கிருந்த உரிமையையே ஏறக்குறைய துடைத்துவிட்டது.

அடுத்து அவர் சொன்னது இன்னும் கசப்பானது. லாக்-இன் என்று எழுதியிருந்தாலும், மீதமுள்ள மாதங்களின் வாடகை முழுவதும் தானாகக் கைக்கு வந்துவிடாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டிலிருந்தே, 73ஆவது பிரிவின் விளக்கத்தில், நஷ்டத்தைக் கணக்கிடும்போது அதைத் தவிர்க்க என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும் என்கிறது. தொகையை ஒப்பந்தத்திலேயே குறித்திருந்தாலும், 74ஆவது பிரிவின்படி அது உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும். நாட்டுக்கு நாடு இது மாறும். இங்கிலாந்தில் 2006இல் ஓர் அலுவலகக் குத்தகை வழக்கில், பாக்கி வாடகையைக் கேட்கும் உரிமையாளர் வேறு ஆளைத் தேடியே தீர வேண்டும் என்ற கடமை இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் பல நாடுகளில் உரிமையாளர் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதே விதி.

ஆக, வாசலில் வந்து நின்ற அந்தக் குடும்பத்துக்கு நான் வீட்டைக் கொடுத்திருந்தால் எனக்கு ஏற்பட்டிருக்கும் நஷ்டம் ஏறக்குறைய ஒரு மாத வாடகை. இரண்டு மாத அட்வான்ஸ் என் கையில் இருந்திருந்தால் அதுவும் அதிலேயே ஈடாகியிருக்கும். ஐந்து மாத வாடகையை நான் இழந்தது வாடகைதாரரால் அல்ல. அவர் மீது எனக்கு இப்போது கோபமே இல்லை. வீட்டைப் பூட்டி வை என்று சொன்னவர்கள்தான் அந்த ஐந்து மாதத்தையும் தின்றார்கள்.

விரிவாகச் சொல்கிறேன் என்று தொடங்கினேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, விடிந்தும் விட்டது. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். உங்கள் சாவியை உங்கள் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வேறு யாரும் வாங்கக் கூடாது என்று நிர்வாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வாங்கத்தான் வேண்டுமென்றால், 'உரிமைகளுக்குப் பாதிப்பின்றிச் சாவி மட்டும் பெறப்பட்டது' என்று எழுதி வாங்கட்டும். வாடகைதாரரின் முன்னறிவிப்பு உங்களுக்கு நேரடியாகவும் வர வேண்டும். அட்வான்ஸ் தொகையை இடைத்தரகரிடம் விடாதீர்கள். வீடு காலியான அன்றே விளம்பரம் கொடுங்கள். யார் யார் வந்து பார்த்தார்கள், என்ன வாடகைக்குக் கேட்டார்கள் என்பதைத் தேதியோடு குறித்து வையுங்கள், நஷ்டத்தைக் கேட்கும்போது அதுதான் உங்கள் ஆதாரம். வீட்டின் நிலையை அன்றைக்கே படம் எடுங்கள். 'உத்தரவாதம்' என்று யாராவது சொன்னால், அதன் பின்னால் உரிமம் பெற்ற காப்பீட்டு நிறுவனம் இருக்கிறதா, அல்லது அது அவர்களுடைய வெறும் வாக்குறுதியா என்று கேளுங்கள். பாலிசி எண் இல்லையென்றால் அது வாக்குறுதிதான். தொலைபேசியில் சொல்வதை அன்றே மின்னஞ்சலில் எழுதி, இப்படித்தானே சொன்னீர்கள் என்று கேட்டு அனுப்பிவிடுங்கள். சுட்டி இருந்தால் திறந்து படியுங்கள்.

நிறுவனத்துக்கு வழக்கறிஞர் நோட்டீஸ் திங்கட்கிழமை போகிறது. முன்னறிவிப்பை மறைத்ததற்கும், என் பெயரில் அனுமதியின்றி ஒப்படைப்பை ஏற்றதற்கும் அவர்கள்தான் பொறுப்பு என்பதே எங்கள் வாதம். ஐந்து மாத வாடகையையும் அவர்களிடமே கேட்கிறோம். அந்த இரண்டு சாவிகளும் இன்னும் அவர்களுடைய அலுவலகத்தில்தான் இருக்கின்றன. கேட்டால், அதற்கு ஒரு புகார் எண் பதிவு செய்யுங்கள் என்கிறார்கள்.