அம்மாவின் இட்லிக் கடையில் பேசும் பெட்டி: மூன்றாண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

மதுரை செல்லூரில் எங்கள் அம்மா மாலை ஆறு மணி முதல் இரவு பத்தரை மணி வரை தள்ளுவண்டியில் இட்லிக் கடை நடத்துகிறார். அந்த வண்டியின் வலது மூலையில், சாம்பார் வாளிக்கும் வாழை இலைக் கட்டுக்கும் நடுவே, உள்ளங்கையில் அடங்கக்கூடிய ஒரு சவுண்ட் பாக்ஸ் மூன்று ஆண்டுகளாக இருக்கிறது. சாப்பிட்டவர் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பணம் அனுப்பிய சில நொடிகளில், "அறுபத்தைந்து ரூபாய் பெறப்பட்டது" என்று அது உரக்கச் சொல்லும். தெருவோரம் வியாபாரம் செய்யும் உறவினர்களும் தெரிந்தவர்களும் இதை வாங்கலாமா, வாடகை கட்டுப்படியாகுமா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். பல நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியான பெட்டியைத்தான் தருகின்றன என்பதால், எந்த நிறுவனத்துடையது என்று சொல்லாமல், பெட்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பெட்டி வருவதற்கு முன் வண்டியில் என்ன நடந்தது என்பதைச் சொன்னால்தான் அதன் அருமை புரியும். யுபிஐ 2016 ஏப்ரல் 11 அன்று அறிமுகமானது. அதே ஆண்டு நவம்பர் 8 இரவில் பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட பிறகு கைபேசிப் பணம் கடைகளுக்குள் நுழைந்தது. கொரோனாக் காலத்தில் நோட்டைத் தொடவே மக்கள் அஞ்சியபோது அது தள்ளுவண்டி வரை வந்து சேர்ந்தது. எங்கள் வண்டியில் கியூஆர் கோடு அட்டை தொங்கத் தொடங்கியது 2021ஆம் ஆண்டில். அட்டையில் இருந்தது என்னுடைய எண், பணம் சேர்ந்தது என்னுடைய கணக்கில். நானோ ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன்.

ஒரு கையில் கரண்டி, மறு கையில் மாவு, கொப்பரையைத் திறக்கும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். அந்த நேரத்தில் ஒரு பையன் கைபேசித் திரையை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டி, "அக்கா, போட்டாச்சு" என்பான். திரையில் இருப்பது ஆங்கிலம். பச்சை நிறத்தில் ஒரு டிக் குறி தெரிந்தால் பணம் வந்துவிட்டது என்று அம்மா எடுத்துக்கொள்வார். சந்தேகம் வந்தால் என்னை அழைத்து, "ஏத்தா, நாப்பது ரூவா வந்துருச்சான்னு பாரு" என்பார். ஷிப்டில் இருக்கும்போது எங்கள் கைபேசிகள் லாக்கரில் இருக்கும். நான் எடுக்காவிட்டால், நிற்கிறவரை நம்பி அனுப்புவதைத் தவிர அவருக்கு வேறு வழி கிடையாது. பணம் அனுப்பியது போலவே திரை காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன என்பதும், நேற்றைய ஸ்கிரீன்ஷாட்டையே இன்றும் காட்டிவிட்டுப் போகலாம் என்பதும், ஒரு மாதக் கடைசியில் மாவுக்கும் விற்பனைக்கும் கணக்கு உதைத்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. பத்தொன்பது ஆண்டுகள் கல்லாவில் ஒரு ரூபாய் குறையாமல் பார்த்துக்கொண்டவர், தன் கடையில் தானே ஏமாந்துவிட்டேன் என்று அன்றைக்குக் கண் கலங்கினார். எழுதப் படிக்கத் தெரிந்தவருக்காகச் செய்யப்பட்ட ஒரு பண முறையில், கண்ணாலும் காதாலும் கையாலும் கணக்குப் பார்த்துப் பழகிய ஒருவர் நிராதரவாக நின்றார் என்பதே அதன் பொருள்.

அந்தக் குறையைப் பெட்டி முழுமையாகத் தீர்த்தது. இதில் நான் சிறிதும் மிகைப்படுத்தவில்லை. பெட்டிக்குள் தனியாக ஒரு சிம் இருக்கிறது; பணம் வந்து சேர்ந்த செய்தி சேவை நிறுவனத்தின் கணினியிலிருந்து நேராகப் பெட்டிக்கு வருகிறது. வாங்குபவரின் கைபேசி என்ன காட்டினாலும், பணம் வராதவரை பெட்டி வாயைத் திறக்காது. அம்மா நிமிர்ந்து பார்க்கவே வேண்டியதில்லை. தோசையைத் திருப்பிக்கொண்டே காதைக் கொடுத்தால் போதும். "சத்தம் வந்துச்சாக்கா?" என்று சாப்பிட்டவர்களே கேட்டு நின்றுவிட்டுப் போகிறார்கள். யாரையும் சந்தேகப்பட்டு நிறுத்தி வைக்கும் சங்கடம் இல்லாமல் போனது வியாபாரத்தில் பெரிய நிம்மதி. தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளர்கள் பக்கத்துக் கட்டுமானத்திலிருந்து சாப்பிட வருகிறார்கள். அவர்களுக்கும் அம்மாவுக்கும் இடையே விரல்களும் இந்தப் பெட்டியும்தான் மொழிபெயர்ப்பாளர்கள். சில்லறைத் தகராறும் ஒழிந்தது. முன்பெல்லாம் மூன்று ரூபாய் பாக்கி என்றால் "நாளைக்கு வாங்கிக்கங்க" என்பதுதான் வழக்கம். இப்போது 47 ரூபாய் என்றால் 47 ரூபாய்தான் வருகிறது.

பயன்படுத்தும் விதத்தில் சிக்கல் ஏதும் இல்லை. ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு பொத்தான்கள், கடைசியாக வந்த தொகையைத் திரும்பச் சொல்ல ஒரு பொத்தான். கூட்டம் நெரியும்போது இந்த மூன்றாவது பொத்தான் மிகவும் உதவும். எங்கள் பெட்டி முதலில் ஆங்கிலத்தில் பேசியது. செயலியில் மொழியை மாற்றிய பிறகு தமிழில் சொல்கிறது. எண்களின் உச்சரிப்பு தெளிவாக இருக்கிறது. ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் புதிதில் நான்கு நாள் தாங்கியது, இப்போது இரண்டு நாள். எண்ணெய்ப் பிசுக்கும் ஆவியும் படுவதால் அம்மா அதற்கு ஒரு பாலித்தீன் உறை போட்டு ரப்பர் பேண்டால் கட்டி வைத்திருக்கிறார். சமையல் நடக்கும் இடத்துக்கென்று ஒரு பெட்டியைச் செய்பவர்கள் ஒலி வரும் துளைகளுக்குள் தண்ணீர் போகாதபடி அமைத்திருக்க வேண்டும்.

குறைகளில் முதன்மையானது மழை நாள். நெட்வொர்க் மந்தமானால் செய்தி தாமதமாகிறது. ஒரு ஐப்பசி இரவில், சத்தம் வரவில்லை என்று ஒருவரை மறுபடியும் அனுப்பச் சொல்லி, அவர் போன பிறகு இரண்டு முறையும் பெட்டி ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னது. மறுநாள் அவரைத் தேடிப் பிடித்து அம்மா பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்தது பழுதுபார்ப்பு. இரண்டாம் ஆண்டில் பெட்டி பேச்சை நிறுத்தியபோது மாற்றித் தர மூன்று வாரம் ஆனது. உதவி எண்ணில் தமிழ் பேசுபவர் கிடைக்க நான்கு முறை முயல வேண்டியிருந்தது. அந்த மூன்று வாரத்துக்கும் சேர்த்து மாத வாடகை 125 ரூபாய் கணக்கிலிருந்து தானாகவே கழிந்தது. ஒரு நாள் முழுக்க நின்று சில நூறு ரூபாய் மிச்சம் பார்ப்பவருக்கு 125 ரூபாய் சிறு தொகை அல்ல; வேலை செய்யாத பெட்டிக்கு வாடகை எடுப்பது நியாயமும் அல்ல.

இந்த வாடகை எதற்காக என்று அம்மா கேட்டார். 2020 ஜனவரி முதல் யுபிஐ வழியாக வரும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அரசின் விதி. ஆகவே நிறுவனங்கள் வருமானத்துக்குப் பெட்டியின் வாடகையையும், அதன் மூலம் தெரிய வரும் அன்றாட விற்பனையை வைத்துக் கொடுக்கும் கடனையும் நம்புகின்றன. எங்களுக்கும் ஓராண்டு கழித்து அப்படி ஓர் அழைப்பு வந்தது. ஆவணம் எதுவும் வேண்டாம், தவணை தினமும் விற்பனையிலிருந்தே கழிந்துவிடும் என்றார்கள். அம்மாவுக்கு உடனே நினைவு வந்தது தண்டல்தான். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு, 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, நூறு நாளுக்கு நூறு நூறாக வசூலிக்கும் தண்டலில் அவர் பல ஆண்டுகள் உழன்றவர். புதிய கடனின் வட்டி அதைவிடக் குறைவுதான். ஆனாலும் அம்மா சொன்ன பதிலை நான் மறக்கவில்லை: "தண்டக்காரர்கிட்டயாவது இன்னைக்கு மழை, நாளைக்கு வாங்கிக்கங்கன்னு சொல்லலாம். இதுகிட்ட யாரு போயிச் சொல்றது?" அந்தக் கடனை அவர் வாங்கவில்லை. தெருவோர வியாபாரிகளுக்காக 2020 ஜூனில் தொடங்கப்பட்ட பிரதமரின் ஸ்வநிதி திட்டத்தில் வங்கி மூலம் 10,000 ரூபாய் பெற்று, தவணை தவறாமல் அடைத்தார். அத்திட்டத்தில் 7 சதவீத வட்டி மானியமும், கைபேசி வழியாக வரும் விற்பனைக்குச் சிறு ஊக்கத்தொகையும் உண்டு. பெட்டி வாங்குவோர் அந்த வழியை முதலில் விசாரிப்பது நல்லது.

இனி நான் சொல்லப்போவது எந்த விளம்பரத்திலும் வராதது. பெட்டி வந்த பிறகும் முதல் எட்டு மாதங்கள் பணம் என் கணக்கில்தான் சேர்ந்தது. இரவெல்லாம் தன் உழைப்பின் கூலியை அம்மா காதால் கேட்டார், கையால் தொடவில்லை. விடியற்காலையில் மாட்டுத்தாவணிச் சந்தையில் தக்காளியும் சின்ன வெங்காயமும் வாங்கப் பணம் வேண்டுமானால் என்னிடம் கேட்க வேண்டும். தான் சம்பாதித்ததை மகளிடம் கேட்டு வாங்கும் நிலை வந்துவிட்டது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் கணக்குப் பார்த்து உதவுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தின் 1,000 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்குக்கு வரத் தொடங்கியபோது, அதை எடுக்க ஏடிஎம் அட்டையைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார். அதற்கு அடுத்த மாதம், "அந்தப் பெட்டியையும் இந்தக் கணக்குலயே சேத்துவிட்ரு" என்றார். மாற்றிய அன்று இரவு வந்த முதல் தொகை முப்பது ரூபாய். திரும்பச் சொல்லும் பொத்தானை அவர் இரண்டு முறை அழுத்தியதைக் கடைப் பையன் எனக்குச் சொன்னான்.

நாடு முழுவதும் யுபிஐ பரிவர்த்தனைகள் 2025 ஆகஸ்டில், ஒரே மாதத்தில், 2,000 கோடியைத் தாண்டின. அந்த எண்ணிக்கையில் எத்தனை தள்ளுவண்டிகளின் பணம் அடுப்படியில் நிற்கிற பெண்ணின் பெயரில் சேராமல் கணவர், மகன், மகள் பெயரில் சேர்கிறது என்பதை அறிய விரும்புகிறேன். எங்கள் தெருவில் பூ விற்கும் அக்காவின் அட்டையில் மருமகனின் எண்தான் இருக்கிறது. கல்லாப்பெட்டி இருந்தவரை அதன் சாவி யாருடைய இடுப்பில் தொங்குகிறது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. கணக்கு யாருடையது என்பதைப் பெட்டி சொல்வதில்லை.

இதனுடன் சேர்ந்ததுதான் சிறுவாடும். அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் பெண்கள் ஒதுக்கி வைத்த பணம், யாருக்கும் சொல்லாமல் பிள்ளையின் பள்ளிக் கட்டணமாகவும் மருத்துவச் செலவாகவும் மாறிய பணம். நோட்டுகள் செல்லாமல் போன 2016இல் எத்தனையோ வீடுகளில் அது வெளியே வர வேண்டியதாயிற்று. இப்போது அது உருவாகவே இடமில்லை, ஏனெனில் ஒவ்வொரு ரூபாயும் கைபேசியில் தேதியோடும் நேரத்தோடும் பதிவாகிறது. கைபேசியை எடுத்துப் பார்ப்பவருக்கு எல்லாம் தெரிகிறது. அம்மா ஞாயிறுதோறும் ஏடிஎம்மில் ஒரு தொகையை எடுத்து எங்கோ வைக்கிறார். எங்கே என்று நான் கேட்பதில்லை.

விற்பனை வெளிப்படையாவதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கர்நாடகத்தில் 2025 ஜூலையில், யுபிஐ வரவை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி அறிவிப்புகள் போனதும், பெங்களூரில் பல கடைக்காரர்கள் கியூஆர் அட்டைகளைக் கழற்றிவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதி வைத்தார்கள். பிறகு அம்மாநில அரசு பழைய பாக்கியை வசூலிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை, உணவகம் உள்ளிட்ட சேவைக்கு 20 லட்சம் என்பதைப் பெட்டி கொடுக்கும் முகவர்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். எங்கள் வண்டி அந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கிறது என்றாலும், அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த இரவு அம்மா பெட்டியின் ஒலியைப் பாதியாகக் குறைத்தார். பிறகு கூட்ட இரைச்சலில் கேட்கவில்லை என்று மறுபடியும் கூட்டினார்.

கைபேசித் திரையைப் படிக்கச் சிரமப்படுபவர், தனியாகக் கடையில் நிற்பவர், கை ஓயாத வேலை செய்பவர் ஆகியோருக்கு இந்தப் பெட்டியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கும் குறைவாக ஸ்கேன் செய்யும் கடைக்கு வாடகை கட்டுப்படியாகாது. வாங்குவதென்றால், முகவர் வரும் நாளில் கடையில் நிற்பவரின் பெயரிலேயே வங்கிக் கணக்கும், அதனுடன் இணைந்த கைபேசி எண்ணும் தயாராக இருக்கட்டும். மொழியைத் தமிழாக மாற்றித் தரச் சொல்லுங்கள். பழுதானால் வாடகை நிற்குமா என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். அட்டையை ஒட்டியதும் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்து, வங்கியின் குறுஞ்செய்தி யாருடைய கைபேசிக்கு வருகிறது என்பதை உறுதி செய்த பிறகு முகவரை அனுப்பி வையுங்கள்.