தன்னினத்தைக் கொல்ல முடியாத இனம்: மூன்று கற்பனை உலகங்கள், மூன்று ஏற்பாடுகள்

நினைத்த மாத்திரத்தில் எவரையும் கொல்லும் வல்லமை ஓர் இனத்தின் ஒவ்வொரு உறுப்பினருக்கும் இருக்குமானால், அந்த இனம் தன்னைத் தானே அழித்துக்கொள்ளாமல் எத்தனை தலைமுறை தாங்கும்? மாயாஜாலப் புனைவு எழுதுகிறவர்களில் பலர் இந்தக் கேள்வியை எதிர்கொள்ளாமலே கடந்துவிடுகிறார்கள். எதிர்கொண்டவர்களில் ஜே.ஆர்.ஆர். டோல்கீன், ராபர்ட் ஜோர்டன், ஜப்பானிய எழுத்தாளர் யூசுகே கிஷி ஆகிய மூவரின் ஏற்பாடுகளை இங்கே ஒப்பிடுகிறேன். கிஷியின் நாவலுடைய முடிவைச் சொல்லாமல் இந்த ஒப்பீட்டைச் செய்ய இயலாது என்பதால், அதைப் படிக்க எண்ணியிருப்பவர்கள் முதலில் படித்துவிட்டு வருவது நல்லது.

டோல்கீன் படைத்த, மூப்பால் சாகாத இனமான எல்ஃப்களுக்குத் தடை என்று எதுவும் இல்லை. 1977இல் வெளிவந்த 'சில்மரில்லியன்' நூலில், கப்பல்களுக்காக நோல்டோர் எல்ஃப்கள் அல்குவலொண்டே துறைமுகத்தில் தம் உறவினரான டெலேரி எல்ஃப்களை வெட்டிச் சாய்க்கிறார்கள். தேவர்களில் ஒருவரான மாண்டோஸின் சாபம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்தச் சாபமும் கையைத் தடுப்பதில்லை. டோரியத்திலும் சிரியோன் கழிமுகத்திலும் அதே பாவம் மீண்டும் நடக்கிறது. சொல்லப்போனால் அங்கே கட்டாயம் என்பது எதிர்த்திசையில் வேலை செய்கிறது: சில்மரில் மணிகளை மீட்பதாக நோல்டோரின் தலைவன் ஃபியனோரும் அவன் மைந்தர்களும் எடுத்த சபதம்தான் அவர்களைக் கொலைக்குத் துரத்துகிறது. அவலச்சுவைக்கு இதைவிடச் சிறந்த அடித்தளம் கிடையாது. ஆனால் நாம் எழுப்பிய கேள்விக்கு இது விடையாகாது.

ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' தொடரில் வரும் ஏஸ் செடாய்கள் ஓர் இனமல்லர், மந்திர ஆற்றல் பெற்ற பெண்களின் அமைப்பு. எனினும் அவர்களுடைய கட்டு நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. உறுதிமொழிக் கோல் என்ற மந்திரப் பொருளைப் பற்றிக்கொண்டு அவர்கள் எடுக்கும் மூன்று உறுதிமொழிகளில் ஒன்று, தன் உயிரையோ தன் காவலரின் உயிரையோ மற்றோர் ஏஸ் செடாயின் உயிரையோ காக்கும் கடைசி நிலையிலும், நிழல் எனப்படும் தீய சக்தியின் அடியார்களுக்கும் அதன் படைப்புகளுக்கும் எதிராகவும் அன்றி, ஆற்றலை ஆயுதமாகப் பயன்படுத்துவதில்லை என்பது. உறுதிமொழியை மீற முயன்றால் ஆற்றல் பணிவதில்லை. செயல் நிகழும் முன்பே தடுக்கப்படுகிறது. அப்படியும் டூமாய் கிணறுகளின் போரில் சில ஏஸ் செடாய்கள் வேண்டுமென்றே போர்க்களத்தின் நடுவே நடந்து சென்று, தம் உயிருக்கு ஆபத்தை வரவழைத்துக்கொண்டு, அதன் பின் தாக்குகிறார்கள். அந்தக் கோலையே கொண்டு உறுதிமொழியைக் கழற்றிவிட முடியும் என்பதை, அமைப்புக்குள்ளேயே இரகசியமாக நிழலுக்குப் பணிபுரியும் கறுப்பு அஜா என்ற குழு அறிந்து வைத்திருக்கிறது. கோலால் கட்டுண்டவர்களின் ஆயுள் குறைகிறது என்பதும் பின்னர் தெரியவருகிறது. அரசியல் சூழ்ச்சிகளை எழுத விரும்புகிறவருக்கு இந்த ஏற்பாடு வற்றாத சுரங்கம் என்றாலும், வெளியிலிருந்து பூட்டிய பூட்டு என்பதால் அதன் ஆழம் ஓர் எல்லைக்கு மேல் போவதில்லை.

கிஷி 2008இல் எழுதிய 'ஷின்செக்காய் யோரி' நாவலில் பூட்டு உடலுக்குள்ளேயே இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிந்தைய ஜப்பானில், மனத்தால் பொருள்களை அசைக்கும் ஆற்றல் பெற்ற மனிதர்களின் மரபணுவில் இரண்டு கட்டுகள் பதிக்கப்பட்டுள்ளன. ஒன்று, ஓநாய் போன்ற விலங்குகளிடம் காணப்படுவதாகச் சொல்லப்படும் தாக்குதல் தயக்கம். மற்றொன்று, கொன்றவரையே கொல்லும் பொறிமுறை. தன் எதிரில் தாக்கப்படுவது ஒரு மனிதர் என்று மூளை உணர்ந்ததும், அச்சமும் படபடப்பும் வியர்வையும் எச்சரிக்கையாக எழுகின்றன. அதையும் மீறினால், தாக்கியவருடைய ஆற்றலே அவரை அறியாமல் அவர்மீதே திரும்பி, சிறுநீரகங்களையும் துணைக் கேடயச் சுரப்பிகளையும் நிறுத்திவிடுகிறது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நிற்கிறது. தண்டிப்பவர் வேறு எவரும் இல்லை என்பதால், இங்கே கழற்றி எறியக் கோலும் இல்லை, ஏமாற்ற நீதிபதியும் இல்லை.

ஆனால் உணர்தல் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. கம்பனின் இராவணன், விருப்பமில்லாத பெண்ணைத் தீண்டினால் தனக்குச் சாவு என்ற பிரமனின் சாபத்தை நினைத்து, சீதையைத் தொடாமல் அவள் இருந்த நிலத்தையே பெயர்த்து எடுத்துச் செல்கிறான்; சாபத்தின் சொல்லுக்கு அவன் முழுமையாகக் கட்டுப்பட்டவன். கிஷியின் மனிதர்கள் செய்திருப்பது அதைவிடக் கொடியது. தம்மால் கொல்ல முடியாதவர்களின் வட்டத்திலிருந்து சிலரை வெளியேற்றுவதற்காக அவர்களின் உருவத்தையே மாற்றியிருக்கிறார்கள். கதை நெடுகிலும் அருவருப்புடன் நடத்தப்படும் பேரெலிகள், ஆற்றலற்ற மனிதர்களின் வழித்தோன்றல்கள். அவற்றின் மரபணுவை ஆராயும் சடோரு, கதைநாயகியின் நண்பன், பேரெலிகளின் மூதாதை என்று நம்பப்படும் மயிரற்ற துன்னெலிக்கு முப்பது இணை குரோமோசோம்கள் இருக்க, இவற்றுக்கு மனிதரைப் போல் இருபத்து மூன்று இணைகளே இருப்பதைக் காண்கிறான். இதை மனத்தால் முழுமையாக ஏற்றுக்கொண்டால் இதுவரை கொன்றவற்றுக்காகத் தாங்களே சாக நேரும். ஆகவே அந்த அறியாமை அவர்களுக்கு உயிர்க்கவசம். உண்மையைத் தெரிந்துகொள்வதே மரணம் என்ற நிலைக்கு ஒரு சமூகத்தைக் கொண்டுவந்து நிறுத்திய இந்தக் கற்பனையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

அந்தத் தர்க்கத்தை கிஷி பாதியில் விடவில்லை. பேரெலிகளால் வளர்க்கப்பட்ட மனிதக் குழந்தை ஒன்று தன்னைப் பேரெலி என்றே கருதுவதால், தடையின்றி மனிதர்களைக் கொன்று குவிக்கிறது; மனிதர்களோ அதைத் திருப்பித் தாக்க இயலாமல் சாகிறார்கள். தன் உருவத்தை மறைத்துக்கொண்டு எதிரில் நிற்கும் பேரெலித் தளபதி கிரோமாருவை அது தாக்கிய பிறகு, தான் கொன்றது தன்னினத்தவனை என்பதை உணர்கிறது. அதே பொறிமுறையால் மடிகிறது.

ஒரு புதிய இனத்தைப் படைக்க முற்படுகிறவருக்கு நான் பரிந்துரைப்பது கிஷியின் வழியையே. எனினும் அதைக் கையாளும்போது, கையைக் கட்டிய பிறகும் கொலை செய்யும் விருப்பம் எங்கே போகிறது என்பதை எழுத்தாளர் எழுதியே ஆக வேண்டும். கிஷி அதற்கும் இடம் வைத்திருக்கிறார்: ஆற்றலில் குறை தென்படும் சிறுவர்களை அந்த ஊரின் கல்விக்குழு தன் கையால் தொடுவதில்லை, அதற்கென்றே வளர்த்த பூனைகளை இரவில் அனுப்புகிறது.