கோபே துறைமுக நகரம்: அரைநாள் போதாது

ஜப்பானின் ஒசாகாவில் அறை எடுத்து, பக்கத்து ஊரான கோபேக்கு அரைநாள் மட்டும் ஒதுக்கும் டூர் திட்டங்கள் இந்த ஊருக்கு அநியாயம் செய்கின்றன. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கமிருந்து தோல், ஷூ வியாபாரமாகவோ குடும்பத்தோடோ போகிறவர்கள் இங்கே இரண்டு ராத்திரியாவது தங்க வேண்டும்.

வடக்கே 931 மீட்டர் உயர ரொக்கோ மலை, தெற்கே கடல், இடையில் ஒடுங்கலாக ஊர். உள்ளூர்க்காரர்கள் வழி சொல்வதே ‘மலைப்பக்கம்’, ‘கடல்பக்கம்’ என்றுதான்; அதனால் தெருவில் வழி தப்புவது அபூர்வம். ரயில் நிலையப் பெயர்களில்தான் ஏமாறுவோம். ‘கோபே’ என்ற நிலையம் நகர மையம் அல்ல, மையம் சன்னோமியா. புல்லட் ரயில் நிற்பதோ ஷின்-கோபேயில். அங்கிருந்து சுரங்க ரயிலில் அடுத்த நிறுத்தமே சன்னோமியா. ஓட்டலை அங்கேயே போடுங்கள்.

கான்சாய் விமான நிலையத்திலிருந்து சன்னோமியாவுக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். படகில் சுமார் 30 நிமிடத்தில் கோபே விமான நிலையம் வந்து, ஓட்டுநர் இல்லாத போர்ட் லைனர் ரயிலிலும் ஊருக்குள் வரலாம். ஆகஸ்ட், செப்டம்பர் புயல் மாதங்களில் படகு ரத்தாகக்கூடும். அப்போது பஸ்தான் நம்பகம்.

துறைமுகத்தைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். 1868-ல் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்த துறை இது. 1995 ஜனவரி 17 அதிகாலை 5.46-க்கு வந்த நிலநடுக்கத்தில் 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். கடலில் கொட்டி நிரப்பிய மண் குலுக்கலில் குழம்பாகி இளக, கரைச்சுவர்கள் கடல்பக்கம் நகர்ந்துவிட்டன. பழுது பார்ப்பதற்குள் கன்டெய்னர் சரக்கில் பெரும்பங்கு தென்கொரியாவின் பூசான் போன்ற துறைமுகங்களுக்குப் போனது. பழைய இடம் கோபேக்குத் திரும்பவில்லை. மெரிகென் பூங்காவில் உடைந்த கரையின் ஒரு துண்டை, சாய்ந்த விளக்குக் கம்பங்களோடு அப்படியே வைத்திருக்கிறார்கள். கன்டெய்னர் அனுப்பிப் பிழைக்கும் நம் ஊர்க்காரர்கள் அவசியம் நின்று பார்க்க வேண்டிய இடம். பக்கத்தில் உடுக்கை வடிவில் சிவப்பாக நிற்கும் 108 மீட்டர் கோபுரத்துக்கு அரைமணி நேரம் போதும்.

தொழில்காரர்கள் நகரின் மேற்கே நகாதாவுக்கும் போகலாம். செயற்கைத் தோல் ஷூவுக்குப் பேர்போன பகுதி; 1995 நிலநடுக்கத்தின்போது மூண்ட தீயில் பெரிதும் எரிந்து, பிறகு எழுந்தது. தோல் பதனிடுதலில் ஜப்பானில் முதலிடம் கோபே அடங்கிய ஹியோகோ மாகாணத்துக்குத்தான். ரயிலில் சுமார் 40 நிமிடத்தில் ஹிமேஜி. அங்கே உப்பும் கடுகு இனத்து ராப்சீட் எண்ணெயும் கொண்டு வெள்ளைத் தோல் செய்யும் பழைய முறை உண்டு. ஆவாரம்பட்டையும் குரோமும் பழகிய கைகளுக்கு அது புதிய பாடம். ஹிமேஜியின் புகழ்பெற்ற கோட்டையை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள்.

சாப்பாட்டில் கவனம் தேவை. காய்கறி சூப், நூடுல்ஸ் என்று எழுதியிருந்தாலும் அடிச்சாறு பெரும்பாலும் மீன். மிரின் என்னும் இனிப்புச் சேர்மானத்தில் மது உண்டு. கிதானோ பகுதியில் 1935-ல் கட்டிய, ஜப்பானின் முதல் பள்ளிவாசல் இருக்கிறது; அதைச் சுற்றி ஹலால் கடைகள் கிடைக்கும். ஜைனக் கோயிலும் அந்தப் பக்கமே. கோபே பீஃப் எல்லாமே ஹலால் அல்ல, கேட்டுவிட்டு உட்காருங்கள். கிதானோ தெருக்கள் செங்குத்தான ஏற்றம். மூட்டுவலி உள்ள பெரியவர்களைச் சுற்றுலா இடங்களைச் சுற்றிவரும் சிட்டி லூப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, இறக்கத்தில் மட்டும் நடக்கவிடுங்கள்.

ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் நல்ல மாதங்கள். ஜூனில் மழை. ஜனவரிக் காலைக் குளிர் வேலூர் ஸ்வெட்டருக்கு அடங்காது. அங்கே மின்சாரம் 100 வோல்ட், பிளக்கில் இரண்டு தட்டை முள். செல்போன் சார்ஜருக்கு அடாப்டர் போதும். 230 வோல்ட் கெட்டிலையும் ரைஸ் குக்கரையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், ஐந்தில் ஒரு பங்கு சூடுகூட வராது.