நூலகக் கணினியா, பிரவுசிங் சென்டரா, இ-சேவையா, கைப்பேசியா?

டெல்டாவில் இணையத்தில் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. கணினி வசதி உள்ள பொது நூலகம், கடைத்தெரு பிரவுசிங் சென்டர், இ-சேவை மையம், நம் கையிலிருக்கும் கைப்பேசி. எது பக்கத்தில் இருக்கிறது, எங்கே சீக்கிரம் முடியும் என்று பார்த்துத்தான் பெரும்பாலோர் போகிறார்கள். அதோடு இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும் என்பேன். தட்டச்சு செய்வது யார்? நாம் எழுந்து போன பிறகு அந்த இயந்திரத்தில் நம்முடையது என்னென்ன மிச்சமிருக்கும்?

பிரவுசிங் சென்டரின் பலம் வேகம். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ பஸ் நிலையத்தை ஒட்டிய ஒரு கடையில் ஸ்கேன், பிரிண்ட், லேமினேஷன், புகைப்படத்தைச் சுருக்கிப் பதிவேற்றுவது என எல்லாம் ஒரே இடத்தில் முடிந்துவிடும். விண்ணப்பத்தின் எந்தக் கட்டத்தில் என்ன கேட்பார்கள் என்பது கடைக்காரருக்கு மனப்பாடம். ஆனால் அந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. விசைப்பலகை அவர் பக்கம் இருக்கிறது, நாம் எதிரே நின்று பெயரும் பிறந்த தேதியும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அரசு வேலைத் தேர்வுகளுக்கான டிஎன்பிஎஸ்சி நிரந்தரப் பதிவையே (ஒன் டைம் ரெஜிஸ்ட்ரேஷன்) எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் 150 ரூபாய், 5 ஆண்டுகளுக்குச் செல்லும். பதிவு செய்ய மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் வேண்டும். அவசரத்தில் கடைக்காரர் தன்னுடைய மின்னஞ்சலைப் போட்டு, தனக்குத் தோன்றிய கடவுச்சொல்லை வைத்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது, வரிசையில் நிற்பவர்களை அனுப்ப வேண்டும் என்பதுதான் அவர் கவலை. சீட்டு தொலைந்த பிறகு, ஹால் டிக்கெட் எடுக்க வேண்டிய நாளில், பதிவு செய்த பெண் கடவுச்சொல்லை மாற்ற முயன்றால் தகவல் கடைக்காரரின் மின்னஞ்சலுக்குப் போகும். கடை அதற்குள் மூடப்பட்டிருந்தால் என்ன செய்வாள்? ஐந்தாண்டுகளுக்குச் செல்லும் கணக்கின் சாவி இன்னொருவர் கையில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் பகுதி. நம் வேலைக்காக அதைத் திறக்கும்போது ஒரு நொடி கண்ணை ஓட்டிப் பாருங்கள். முன்னே வந்துபோனவர்களின் ஆதார், மதிப்பெண் பட்டியல், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம் என்று வரிசையாகக் கிடக்கும். பொதுக் கணினியில் இ-ஆதாரைப் பதிவிறக்குவதைத் தவிருங்கள், தவிர்க்க முடியாவிட்டால் எல்லாப் பிரதிகளையும் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று ஆதார் ஆணையமே அறிவுறுத்துகிறது. இ-ஆதார் கோப்பின் கடவுச்சொல் நம் பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான். பக்கத்திலேயே மதிப்பெண் பட்டியலும் கிடந்தால் அதைத் திறக்க யாருக்கும் பெரிய திறமை தேவைப்படாது. எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும்படி மறைக்கப்பட்ட ஆதாரும் கிடைக்கிறது. ஏற்றுக்கொள்ளும் இடங்களில் அதையே கொடுக்கலாம்.

சட்டம் இந்தக் கடைகளை விட்டுவைக்கவில்லை. 2011-ஆம் ஆண்டு வந்த மத்திய அரசின் சைபர் கஃபே விதிகள், வருபவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும், பயன்பாட்டுப் பதிவேட்டைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும், அறைத் தடுப்புகள் நாலரை அடி உயரத்தைத் தாண்டக்கூடாது என்கின்றன. ஆனால் நம் கோப்பை அழிக்க வேண்டிய கடமை நம்முடையதுதான். “அழித்துவிடுங்கள் தம்பி” என்று சொல்லி, கூடவே நின்று, ரீசைக்கிள் பின்னும் காலியாவதைப் பார்த்துவிட்டு வருவதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

நூலகத்தில் உங்களுக்காக யாரும் தட்டச்சு செய்ய மாட்டார்கள். பலருக்கு இது குறையாகப் படுகிறது. எனக்கோ நூலகத்தின் முதல் சிறப்பே அதுதான். ஒரு மாணவி தன் கையாலேயே மின்னஞ்சல் கணக்குத் தொடங்கி, தன் எண்ணைக் கொடுத்து, தானே வைத்த கடவுச்சொல்லோடு எழுந்து வந்தால் அடுத்த முறை யார் தயவும் அவளுக்குத் தேவையில்லை. பாதி வழியில் தடுமாறினால் நூலகரைக் கேட்கலாம். அங்கே கட்டணத்துக்காக யாரும் அவசரப்படுத்துவதில்லை.

இது ஏதோ புதிதாக வந்த சலுகை என்று நினைக்க வேண்டியதில்லை. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கிறார்கள், ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம். நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்த எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். 1931-இல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். நகரத்துக்கு வந்து படிக்க வழியில்லாதவர்களுக்காகத்தான் அந்த வண்டி புறப்பட்டது. வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகள் இன்றைக்கு அதே நிலையில்தான் இருக்கிறார்கள்.

ஆனாலும் நூலகக் கணினி பலரும் உட்காரும் கணினி. இன்காக்னிட்டோ சாளரத்தைத் திறந்துவிட்டால் எல்லாம் பத்திரம் என்று பலர் நம்புகிறார்கள். அது செய்வது கொஞ்சம்தான். மூடியதும் பார்த்த பக்கங்களின் வரலாறும் குக்கீகளும் (தளங்கள் கணினியில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகள்) தங்காது, அவ்வளவே. பதிவிறக்கிய கோப்பு அங்கேயே கிடக்கும். விசை அழுத்தங்களைத் திருடும் மென்பொருள் உள்ளே இருந்தால் அதை இந்தச் சாளரம் தடுக்காது. சில உலாவிகளில் முகவரிக்கு முன்னால் தெரியும் பூட்டுச் சின்னமும் அப்படித்தான். நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு அது உத்தரவாதம் தரும், எதிரே இருக்கும் தளம் நேர்மையானது என்பதற்குத் தராது. ஆகவே நூலகத்தில் வங்கிக் கணக்கைத் திறக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மின்னஞ்சல் திறந்தால் வெளியேறு பொத்தானை அழுத்திவிட்டு எழுந்திருங்கள். வாட்ஸ்அப்பை அங்கே இணைத்துவிட்டு மறந்துபோய் வீட்டுக்கு வந்துவிட்டால், கைப்பேசியில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதிக்குப் போய் அதைத் துண்டித்துவிடலாம்.

அடுத்து உட்காருபவர்களைப் பற்றியும் நினைக்க வேண்டும். திருட்டுப் படம் இறக்குவது, சூதாட்டத் தளம் பார்ப்பது, முன்னே இருந்தவர் மறந்து திறந்தபடி விட்டுப்போன மின்னஞ்சலைப் படிப்பது, இவற்றில் எதுவும் விளையாட்டில்லை. இன்னொருவரின் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. திறந்திருக்கும் கணக்கைப் பார்த்தால் வெளியேற்றிவிட்டு நம் வேலையைத் தொடங்குவதுதான் மரியாதை.

கைப்பேசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பண விஷயத்துக்கு அதுதான் சரியான இடம். நம் கையை விட்டுப் போகாது, ஓடிபியும் அதிலேயே வரும். ஆனால் ஆபத்தும் அதே வாசல் வழியாகத்தான் வருகிறது. கல்யாணப் பத்திரிகை என்றும், மின் கட்டண நிலுவை என்றும் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது செயலியை நிறுவும் கோப்பை, நிறுவிவிட்டால் குறுஞ்செய்திகளை அடுத்தவர் படிக்கும் நிலை வரலாம். பணம் நம் கணக்குக்கு வருவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. கேட்டால் அது மோசடி. பணம் போய்விட்டது தெரிந்தால் வீட்டில் பயந்து மறைத்து, மறுநாள் வங்கிக்கு ஓடுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு இருக்கிறது.

வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையம். அங்கேயும் தட்டச்சு செய்வது இன்னொருவர்தான் என்றாலும் ரசீதும் விண்ணப்ப எண்ணும் கிடைக்கின்றன. சமர்ப்பிக்கும் முன் திரையை நம் பக்கம் திருப்பச் சொல்லிப் படித்துவிட வேண்டும்.

உண்மையில் பல வேலைகளுக்கு ஒரே இடம் போதாது. சம்பா பயிர்க் காப்பீட்டைப் பாருங்கள். காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம் விவசாயியின் பங்கு. கடைசித் தேதி நெருங்கும்போது மையங்களில் கூட்டம் தாங்காது. புல எண்ணில் உட்பிரிவு விடுபட்டாலோ வங்கிக் கணக்கில் ஓர் இலக்கம் மாறினாலோ, வெள்ளம் வடிந்த பிறகு இழப்பீட்டுக்காக அலைய வேண்டியிருக்கும். கூட்டம் சேரும் முன்பே நூலகத்தில் உட்கார்ந்து பட்டா விவரத்தை இணையத்தில் நிதானமாகப் பார்த்து, புல எண்ணையும் பரப்பையும் தாளில் எழுதிக்கொள்ளலாம். அந்தத் தாளோடும் கிராம நிர்வாக அலுவலர் தந்த, பயிர் விவரம் காட்டும் அடங்கலோடும் மையத்துக்குப் போய், ரசீதை அங்கேயே ஒவ்வொரு எண்ணாக ஒத்துப் பார்க்கலாம். ஓடிபி வந்தால், எதற்கான ஓடிபி என்று குறுஞ்செய்தியை முழுதாகப் படித்துவிட்டுச் சொல்லலாம். படிக்கத் தெரியாத அப்பாவோடு பிள்ளைகள் யாராவது கூடப் போங்கள்.

இதெல்லாம் நூலகத்தில் கணினி இயங்கினால்தான் நடக்கும். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் கணினி உறை மாட்டியபடி மூலையில் கிடந்தால், அடுத்த வாசகர் வட்டக் கூட்டத்தில் எழுந்து காரணம் கேளுங்கள். இணைப்பு இல்லையா, பழுதா, பார்த்துக்கொள்ள ஆள் இல்லையா என்று தெரிந்துகொண்டு மாவட்ட நூலக அலுவலருக்கு எழுத்து மூலமாக மனு கொடுங்கள். தினமும் பூட்டும் முன் பதிவிறக்கங்களை அழிப்பதற்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்பதையும் அதே மனுவில் சேர்த்துவிடுங்கள்.