சுவர் கோணல், திரை நேர்: பொருளைச் சரியாக வைக்கவும் திருப்பவும் ஸ்கெட்ச்அப்பா, பிளெண்டரா, ஃப்ரீகேடா?

பெங்களூரு அல்சூரில் 30க்கு 40 அடி சைட் ஒன்றில் முதல் மாடிச் சமையலறை. எல் வடிவ மேடையும் அதன் கீழ் அலமாரிகளும் நான் வரைந்து கொடுத்தவை. கார்கஸ் எனும் அலமாரிக் கூடுகள் எல்லாம் வந்து இறங்கிய அன்று ஆசாரி தன் ஓரடி மூலைமட்டத்தை எடுத்து மூலையில் வைத்தார். ஒரு கை சுவரோடு ஒட்டி நின்றது. மறு கையின் நுனிக்கும் சுவருக்கும் நடுவில், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நுழைத்துக் காட்டினார். "ஏம்மா, உன் படத்துல மூலை ஒரு டிகிரிதான் விரிஞ்சிருக்கு. இங்க பாரு, இன்னும் வாயைப் பொளந்துகிட்டு நிக்குது."

தப்பு என்னுடையது. அளவெடுக்கப் போன நாளில் கைபேசியைச் சுவரில் வைத்துப் பார்த்து, 91 என்று குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆசாரி டேப்பை எடுத்தார். ஒரு சுவரில் 900 மி.மீ., மறு சுவரில் 1200 மி.மீ. குறித்துவிட்டுக் குறுக்கே இழுத்தார். மூலை நேராக இருந்தால் 1500 வரவேண்டும், வந்தது 1519. கணக்குப் போட்டால் 91.5 டிகிரி. நான் கோட்டைவிட்ட அரை டிகிரி, 2400 மி.மீ. நீள மேடையின் கடைக்கோடியில் 21 மி.மீ. சந்தாக வந்து நிற்கும். ஒரு நூல் என்பது அரைக்கால் அங்குலம். ஆசாரி கணக்கில் ஆறரை நூலுக்கு மேல்.

அன்றிரவு அதே மூலையை ஸ்கெட்ச்அப், பிளெண்டர், ஃப்ரீகேட் என்ற முப்பரிமாணப் படம் வரையும் மென்பொருள்கள் மூன்றிலும் முதலிலிருந்து வைத்துப் பார்த்தேன். "எது துல்லியமானது" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எண் தட்ட முடியுமா என்றுதான் கேட்கிறார்கள். மூன்றிலும் தட்டலாம், தசமத்தோடு தட்டலாம். வித்தியாசம் வேறு இடத்தில்: பொருளை எந்தப் புள்ளியில் பிடிக்கிறோம், எந்தப் புள்ளியைச் சுற்றித் திருப்புகிறோம், அந்த இரண்டையும் மென்பொருள் நம்மிடம் கேட்கிறதா அல்லது தானே முடிவு செய்துகொள்கிறதா.

ஸ்கெட்ச்அப் கேட்கும். விசைப்பலகையில் எம் தட்டி அலமாரியின் பின்மூலையைச் சொடுக்கினால் அந்த மூலைதான் பிடி. இழுத்துக்கொண்டு போய்ச் சுவர் மூலையில் விட்டால், பச்சைப் புள்ளி காட்டி முனையோடு முனை ஒட்டிக்கொள்ளும். நடுப்புள்ளி என்றால் வெளிர்நீலம், விளிம்பு என்றால் சிவப்பு, பரப்பு என்றால் நீலம். அளவு வேண்டுமென்றால் இழுக்கிற திசையில் விட்டுவிட்டு 600 என்று தட்டி என்டர். எந்தப் பெட்டியையும் சொடுக்கத் தேவையில்லை. மூன்று அச்சுக்கும் மூன்று நிறம்: வலது அம்புக்குறி சிவப்பு அச்சைப் பூட்டும், இடது பச்சையை, மேலே உள்ளது நீலத்தை.

திருப்புவதில்தான் அது ஆசாரியைப் போல வேலை செய்கிறது. க்யூ தட்டினால் கையில் ஒரு கோணமானி வரும். மூலையில் ஒரு சொடுக்கு, அலமாரியின் பின்விளிம்பில் ஒரு சொடுக்கு, சுவரின் விளிம்பில் ஒரு சொடுக்கு. முடிந்தது. 91.5 என்ற எண்ணை நான் எங்கேயும் தட்டவே இல்லை. சுவர் எப்படிக் கோணியிருக்கிறதோ அப்படியே அலமாரியும் போய் ஒட்டியது. பலகையைச் சுவரோடு வைத்துப் பென்சிலால் கோடிழுத்து அறுக்கும் வேலைதான் இது. ஆட்டோகேட் பழகியவர்களுக்கு ரொட்டேட் கட்டளையில் ரெஃபரன்ஸ் என்ற தேர்வும், அலைன் கட்டளையும் இதே வேலையைச் செய்வது தெரிந்திருக்கும்.

ஆனால் அந்தக் கோணலான சுவரை முதலில் வரையவேண்டுமே. அங்கேதான் ஸ்கெட்ச்அப் என்னை ஏமாற்றப் பார்த்தது. பள்ளிக்கூடத்தில் காம்பஸ் வைத்து முக்கோணம் வரைந்த மாதிரி, 900 குறித்த இடத்தை மையமாக வைத்து 1519 ஆரத்தில் ஒரு வட்டம், மூலையை மையமாக வைத்து 1200 ஆரத்தில் இன்னொரு வட்டம், வெட்டுகிற இடம்தான் சுவர் என்று போட்டேன். ஸ்கெட்ச்அப்பில் வட்டம் என்பது வட்டமே இல்லை. தொடக்க அமைப்பில் 24 பக்கப் பலகோணம். 1519 ஆரமுள்ள வட்டத்தில் ஒவ்வொரு பக்கத்தின் நடுவும் உண்மையான வளைவிலிருந்து 13 மி.மீ. உள்ளே தள்ளி நிற்கும். நான்கு நூல்! திரையில் பார்த்தால் எல்லாம் அழகாக வெட்டிக்கொண்டு நிற்கும், அதுதான் ஆபத்து. வட்டம் வரைந்த கையோடு 360எஸ் என்று தட்டினால் பக்கங்கள் 360 ஆகி, பிழை 0.06 மி.மீ.க்கு இறங்கிவிடும். இது தெரியாமல் எத்தனை பேர் வட்டத்தை நம்பி மேடை அறுத்தார்களோ.

இதே முக்கோணம் ஃப்ரீகேடில் வேறு அனுபவம். ஸ்கெட்ச் என்ற தட்டையான கோட்டுப்படத்தில் கைபோன போக்கில் மூன்று கோடு கிழித்து ஒரு முக்கோணம். பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் நீளக் கட்டுப்பாடு: 900, 1200, 1519. கடைசி எண்ணைத் தட்டியதும் முக்கோணம் தானே நெளிந்து தன் உருவத்தில் போய் உட்கார்ந்தது. கோணம் நான் கொடுப்பதல்ல, கிடைப்பது. மறுநாள் வேறொருவர் டேப் பிடித்து 1520 என்றால், அந்த ஓர் எண்ணை மாற்றினால் போதும். சுவரோடு இணைத்து வைத்த அலமாரிகள் கூடவே திரும்பும். இது வெறும் வசதி என்று நினைக்கவேண்டாம். அந்தக் குறுக்களவில் 1 மி.மீ. தவறினால் கோணம் 0.08 டிகிரி மாறும், 2400 மி.மீ. மேடையின் கடைசியில் ஒரு நூலைத் தாண்டிவிடும். அளவுகள் மாறிக்கொண்டே இருக்கும் வேலையில், மாற்றுவது சுலபமாக இருப்பதும் துல்லியத்தில் ஒரு பங்குதான்.

ஆனால் ஃப்ரீகேடில் ஒரு பொருளைச் சும்மா தூக்கி அங்கே வைக்கலாம் என்று போனால் மூக்கறுபடும். பிளேஸ்மென்ட் பெட்டியில் இடம், அச்சு, கோணம் என்று கேட்கும். கோணத்தை மாற்றினால் பொருள் தன் சொந்தத் தொடக்கப்புள்ளியைச் சுற்றித் திரும்பும். அந்தப் புள்ளி அலமாரியின் நடுவிலோ, நாம் நினைக்காத வேறொரு மூலையிலோ இருக்கும். சுழல்மையத்தைத் தனியாகக் கொடுக்க அங்கேயே இடம் உண்டு, ஆனால் புதியவர் கண்ணில் படாது. பார்ட் டிசைன் பகுதியில், முழுப் பொருளான பாடியை விட்டுவிட்டு அதற்குள் இருக்கும் ஒரு அம்சத்தை நகர்த்தப் பார்ப்பது இன்னொரு பழைய தலைவலி. டிராஃப்ட் பகுதிக்குப் போனால் ஸ்கெட்ச்அப் மாதிரியே மூன்று சொடுக்கில் திருப்பும் கருவி இருக்கிறது. நான் அதைக் கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆனது.

பிளெண்டரைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பாசம் குறுக்கே வரும். இலவசம், வேகம், விரல்நுனியில் எல்லாம். ஜி தட்டினால் நகர்த்தல், ஆர் தட்டினால் திருப்பல், பிறகு அச்சு, பிறகு எண். ஆர், இசட், 1.5, என்டர்: ஒரு நொடி வேலை. முதல் வாரத்தில் அலமாரியை 600 மி.மீ. தள்ள நினைத்து ஜி, எக்ஸ், 600 என்று தட்டினேன். தொடக்க அமைப்பில் அலகு மீட்டர். அலமாரி 600 மீட்டர் தள்ளிப் போய்விட்டது. திசை ஒத்துவந்திருந்தால் அல்சூர் ஏரிக்குள் மிதந்துகொண்டிருக்கும்.

பிளெண்டரின் குணம், பிடி எது என்று அது கேட்காது. தேர்ந்தெடுத்தவற்றின் நடுப்புள்ளியைச் சுற்றித் திருப்பிவிடும். மூலையைச் சுற்றித் திருப்ப வேண்டுமென்றால், சுவர் மூலை முனையைத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட் எஸ் தட்டி 3டி கர்சர் என்ற குறியை அங்கே கொண்டுபோய் நிறுத்தி, சுழல்மையத்தைக் கர்சருக்கு மாற்ற வேண்டும். சுவரைப் பார்த்து ஒட்டித் திரும்ப வேண்டுமென்றால், ஸ்னாப், அதாவது ஒட்டிக்கொள்ளும் வசதியின் பட்டியலில் முனையைத் தேர்ந்து, திருப்பலுக்கும் ஸ்னாப் பொருந்தும் என்று தனியாக ஒரு குறி போடவேண்டும். அந்தக் குறி முதலில் இருக்காது. 2023 நவம்பரில் வந்த 4.0 பதிப்பிலிருந்து, நகர்த்தும்போதே பி தட்டிப் பிடிபுள்ளியைத் தேர்ந்துகொள்ளலாம். அதற்கு முன்பு பட்ட பாட்டை நினைத்தால் அது பெரிய வரம். இருந்தாலும் ஸ்கெட்ச்அப்பில் மூன்று சொடுக்கில் முடிவது இங்கே முன்னேற்பாடுகளோடு சேர்த்தால் ஏழெட்டு.

திருப்பியபின் நகர்த்துவதில் பிளெண்டர் முந்திக்கொள்கிறது. 1.5 டிகிரி திரும்பி நிற்கும் அலமாரியிலிருந்து இழுப்பறையை வெளியே இழுக்கவேண்டும், அது ஓடும் தண்டவாளமான சேனல் வழியே. உலக அச்சில், அதாவது படம் முழுவதற்கும் பொதுவான அச்சில் இழுத்தால் பக்கப் பலகையில் இடிக்கும்: 450 மி.மீ. இழுத்தால் கிட்டத்தட்ட 12 மி.மீ. விலகல். பிளெண்டரில் அச்சின் பெயர் எழுத்தை இரண்டு முறை தட்டினால் பொருளின் சொந்த அச்சில் போகும். ஜி, ஒய், ஒய், அவ்வளவுதான். ஸ்கெட்ச்அப்பில் குழுவுக்குள் நுழைந்து அதன் அச்சில் இழுக்கலாம், இல்லையென்றால் ஒரு விளிம்பைத் தொட்டுக் கீழ் அம்புக்குறியால் அதற்கு இணையாகப் பூட்டலாம். ஃப்ரீகேடில் இழுப்பறைக்கு ஸ்லைடர் இணைப்பு போட்டுவிட்டால் வேறு பக்கம் போகவே போகாது. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் அசெம்ப்ளி பகுதி கூடவே வருகிறது; ஷட்டர் கீலுக்குச் சுழல் இணைப்பு, எத்தனை டிகிரி வரை திறக்கலாம் என்ற எல்லை எல்லாம் வைக்கலாம். பக்கத்துக் குழாயில் கதவு இடிக்குமா என்று நான் பார்ப்பது அதில்தான்.

இரண்டு அச்சில் திருப்ப வேண்டியிருந்தால் இன்னொரு சிக்கல். ஒரு தீப்பெட்டியை மேசையில் வையுங்கள். முன்பக்கமாக 90 டிகிரி சாய்த்துவிட்டு, பிறகு இடப்பக்கம் 90 டிகிரி திருப்புங்கள். இன்னொரு தீப்பெட்டியை முதலில் இடப்பக்கம் திருப்பிவிட்டு, பிறகு உங்களைப் பார்த்தபடி முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல நிற்காது. பிளெண்டரில் எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று எண் காட்டும் பெட்டி இந்த வரிசையைத்தான் மறைத்து வைத்திருக்கிறது. ஒய் 90 ஆகிவிட்டால் எக்ஸும் இசட்டும் ஒரே அச்சைத் திருப்ப ஆரம்பிக்கும். எந்தப் பெட்டியை மாற்றினாலும் ஒரே அசைவு. அதே பெட்டியிலேயே திருப்பலை நான்கு எண்ணால் குறிக்கும் க்வாட்டர்னியன் முறைக்கு மாறிக்கொள்ளலாம். 1843இல் ஹாமில்டன் டப்ளினில் நடந்து போகும்போது தோன்றிய கணக்கு அது. சமையலறை வேலைக்கு அது எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. சாய்த்துத் தொங்கவிடும் விளக்குக்கு ஃப்ரீகேடின் ஓர் அச்சு, ஒரு கோணம் என்ற முறையே தெளிவாக இருந்தது.

எண் விஷயத்தில் பிளெண்டர் நிஜமாகவே பின்தங்கும் ஓர் இடம் உண்டு. அது முனைகளின் இடத்தை 32 பிட் எண்ணாக வைத்துக்கொள்கிறது. ஏறக்குறைய ஏழு இலக்கம். சமையலறைக்கு அது ஏராளம். ஆனால் சர்ஜாபுர சாலைப் பக்கம் ஒரு சைட்டுக்கு சர்வேயர் கொடுத்த படத்தை அப்படியே உள்ளே கொண்டுவந்தபோது காம்பவுண்ட் சுவர் பல்லிளித்தது. நிலத்தில் ஓரிடத்தை மீட்டர் கணக்கில் குறிக்கும் யுடிஎம் அளவில் பெங்களூரு, நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 14 லட்சம் மீட்டர் வடக்கே. அவ்வளவு பெரிய எண்ணில் 32 பிட்டுக்கு அடுத்தடுத்த இரண்டு இடங்களுக்கு நடுவே 12.5 செ.மீ. இடைவெளி. நடுவில் எதுவுமே கிடையாது. ஃப்ரீகேட் 64 பிட், அதற்கு இது ஒரு பொருட்டல்ல. ஸ்கெட்ச்அப்புக்கும் தொடக்கப்புள்ளியை விட்டு ரொம்ப தூரம் போனால் காட்சி வெட்டுப்படும். எதில் வரைந்தாலும் படத்தை முதலில் தொடக்கப்புள்ளிக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது என் வழக்கம்: மூலை அளவும் கார்கஸும் ஃப்ரீகேடில். வீட்டுக்காரம்மாவை அருகில் உட்கார வைத்து "இது அங்கே போகட்டும், இல்லை இங்கே" என்று ஆடும் ஆட்டம் ஸ்கெட்ச்அப்பில். அந்த வேகம் மற்ற இரண்டிலும் வராது. அதன் முழுப் பதிப்புக்குச் சந்தா கட்டவேண்டும், இலவசமாகக் கிடைப்பது உலாவியில் ஓடும் பதிப்பு. சின்ன வேலைக்கு அதுவே ஓடும். வெளிச்சம் போட்டுப் படம் எடுக்க மட்டும் பிளெண்டர். அங்கே போனபின் எதையும் நகர்த்துவதில்லை என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன்.

ஃப்ரீகேடிலிருந்து பிளெண்டருக்கு எஸ்டிஎல் என்ற முப்பரிமாண வடிவக் கோப்பாக அனுப்புகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். எஸ்டிஎல்லில் அலகு என்று ஒன்று எழுதப்படுவதே இல்லை, வெறும் எண்தான். 2400 என்று மி.மீ.யில் போனது அங்கே 2400 மீட்டராக இறங்கும். மேடை அல்சூரில் தொடங்கி டிரினிட்டி சர்க்கிளையும் தாண்டிப் போய்விடும். உள்ளே எடுக்கும்போதே அளவுவிகிதத்தை 0.001 ஆக்கிக்கொள்ளுங்கள்.

அந்த 21 மி.மீ. என்ன ஆயிற்று என்றால், ஆசாரி 18 மி.மீ. பிளைவுட்டில் ஓர் ஆப்புப்பட்டி சீவி, இரண்டு பக்கமும் லேமினேட் ஒட்டிச் சுவரோரம் செருகிவிட்டார். அடுத்த வேலைக்கு அளவெடுக்கப் போனபோது அவரே டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "குறுக்களவு எழுதிட்டியாம்மா?" என்றார்.