தோட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்த டாக்டர்

பாலக்காட்டில் சாயங்காலம் மட்டும் திறக்கிற ஒரு மூட்டுவாத கிளினிக். பேர் போடவில்லை, ஏற்கெனவே டோக்கன் கிடைப்பதில்லை.

எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறை. அம்மாவுக்குத் திடீரென்று வலது காது பழுத்த மிளகாய் மாதிரி சிவந்து, தலையணையில் சாய்க்க முடியாத வலி. பத்து நாளில் தானாக வடியும், ஒரு மாதம் கழித்து இடது காதில் கிளம்பும். பக்கத்து ஊரில் ஒருவர் மூன்று முறையும் கிருமி என்று ஆன்டிபயாட்டிக் எழுதினார். சரி என்று வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டிக் கோயமுத்தூர் போனால், அன்றைக்குப் பார்த்து காது சமத்தாக இருந்தது, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

இந்த டாக்டர் முதலில் என் போனில் இருந்த சிவந்த காது போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். அப்புறம் அம்மாவின் தோட்டைப் பிடித்து மெல்ல இழுத்து, "இவிடெ வேதனை உண்டோ அம்மா?" என்றார். "அங்க இல்லீங்க, மேலதானுங்க." அவ்வளவுதான், மனிதர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். குருத்தெலும்பு மேல் மடலில்தான் இருக்கிறது, தோடு தொங்குகிற சதையில் கிடையாது. கிருமியாக இருந்தால் பெரும்பாலும் அந்தச் சதையையும் விட்டுவைக்காதாம். மூக்குத் தண்டை அழுத்தினார், கண் சிவந்ததுண்டா, குரல் கம்முகிறதா என்று கேட்டார். குரல் ஆறு மாதமாகவே கம்மல்தான், பேரனைக் கத்திக் கத்தி வந்தது என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ரிலாப்சிங் பாலிகாண்ட்ரைட்டிஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குருத்தெலும்பைத் தாக்குகிற அபூர்வ நோய். இதைக் காட்டிக்கொடுக்க என்று தனி ரத்தப் பரிசோதனை கிடையாது, 1976இல் வகுத்த அடையாளங்களை வைத்து டாக்டர்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூச்சுக்குழாயும் குருத்தெலும்பு வளையங்களால் ஆனது, கவனிக்காமல் விட்டால் அது தொய்ந்துபோகும் என்றார், அதனால் மூச்சை இழுத்து ஒன்று, விட்டு ஒன்று என்று இரண்டு விதமாக சிடி ஸ்கேன். நல்லவேளை, லேசான தடிப்பு மட்டும். பிரெட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்து நான்காம் நாள் அம்மா வலது பக்கம் ஒருக்களித்துத் தூங்கினார். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவே கூடாது, சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று துண்டுச் சீட்டில் தமிழிலேயே எழுதிக் கொடுத்தார், எழுத்துப் பிழையோடு.

குறை இல்லாமல் இல்லை. மூட்டு வலிக்காரர்கள் வருகிற இடத்தை லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடியில் வைத்தவரை என்ன சொல்வது! மூன்று மணிக்கு டோக்கன் வாங்கினால் எட்டுக்குத்தான் கூப்பிடுகிறார்கள், நாற்காலி ஆறே ஆறு. கட்டணம் 400, ஒரு வாரத்துக்குள் திரும்பப் போனால் வாங்குவதில்லை.

போகிறவர்கள் பழைய சீட்டுகளையும், வலி இருக்கும்போது எடுத்த போட்டோக்களையும் கொண்டுபோங்கள். முதல் பத்து டோக்கனுக்குள் வாங்கிவிடுங்கள், நாங்கள் பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்டோவுக்கு அழுதோம்.