ஜிப் பையும் பிளாஸ்டிக் சீவாளியும்: ஹைலண்ட் பேக்பைப்பில் சில வருட அனுபவம்

ஸ்காட்லாந்தின் ஹைலண்ட் பேக்பைப் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் குழலின் மரத்தைத்தான் விசாரிப்பார்கள். தினமும் வாசிக்க ஆரம்பித்த பிறகு நம்மைப் பாடாய்ப் படுத்துவது ஈரம். மூச்சோடு போகும் ஈரம் காற்றடைக்கும் பைக்குள் தேங்கி, குழல்களில் ஒலியெழுப்பும் சீவாளிகளில் ஏறி, சுருதியைக் கலைத்துவிடும்.

அதனால்தான் ஆட்டுத்தோல் பையிலிருந்து ஜிப் வைத்த செயற்கைப் பைக்கு மாறினேன். ஈரத்தை உறிஞ்சுவதில் தோலுக்கு இணை கிடையாது, அக்குளுக்கு அடியில் அது பதிந்து உட்காரும் விதமும் தனி. ஆனால் காற்று கசியாமல் இருக்க அவ்வப்போது உள்ளே பதப்படுத்தும் கலவையை ஊற்றிப் பிசைய வேண்டும். சில வாரம் வாசிக்காமல் விட்டால் காய்ந்துபோகும். புதுப் பையில் அந்த வேலை இல்லை. வாசித்து முடித்ததும் ஜிப்பைத் திறந்து, துடைத்து, காயவிடுகிறேன். இதை யாரும் சோம்பலால் தள்ளிப்போடக் கூடாது. தினமும் பேக்பைப் வாசித்த ஒருவர் நுரையீரல் நோயால் இறந்ததையும், அவர் கருவிக்குள் பூஞ்சைகள் வளர்ந்திருந்ததையும் இங்கிலாந்து மருத்துவர்கள் 2016-இல் தோராக்ஸ் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள்.

அடுத்து சீவாளி. தோளில் சாயும் மூன்று சுருதிக் குழல்களுக்கும், அதாவது இரண்டு டெனர், அவற்றைவிடத் தாழ்ந்து ஒலிக்கும் ஒரு பாஸ், பிளாஸ்டிக் சீவாளி போட்டிருக்கிறேன். நாணல் சீவாளி ஈரம் ஏறினால் திடீரென்று அடைத்துக்கொள்ளும்; இது அப்படிச் செய்வதில்லை. அதன் மேலிருக்கும் வளையத்தை மயிரிழை நகர்த்தினாலே இழுக்கும் காற்றின் அளவு மாறும். பாஸ் குழலில் மட்டும் நாணலின் அடர்த்தியான நாதம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் காதுக்குப் பட்டது.

விரல் வைத்து வாசிக்கும் குழலான சாண்டருக்கு இன்றும் நாணல் இரட்டைச் சீவாளிதான் நல்லது. அதற்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். ஈரம் உறிஞ்சும் டப்பாவைப் பைக்குள் வைத்தபோது சாண்டர் சீவாளி காய்ந்து விறைத்தது, மேல் சுரங்கள் பிசிறின. டப்பாவை எடுத்ததும் சரியானது. குளிர்நாட்டில் வாசிப்பவருக்கு அது தேவைப்படலாம்.

கருவி சூடேற ஏற சாண்டரின் சுருதி உயரும். அதன் ஆதார சுரமான லோ ஏ 480 ஹெர்ட்ஸ் பக்கம் போகும். முதலில் நன்றாக வாசித்துச் சூடாக்கி, அப்புறம் சுருதிக் குழல்களைச் சேர்த்தால் வெகுநேரம் நிற்கிறது. ஆகஸ்டில் கிளாஸ்கோ கிரீனில் நடக்கும் உலக பைப் பேண்டு போட்டியில், களத்துக்குப் போகுமுன் குழுக்கள் வட்டமாக நின்று சுருதி சேர்ப்பதை ஒருமுறையாவது நேரில் கேட்க வேண்டும்.

குறை என்றால் ஜிப்தான். அதன் முனையில் காற்று கசியத் தொடங்கியது. அதற்கான மசகைத் தடவிய பின் நின்றுவிட்டது. புதிதாக வாங்குபவர்கள் பையோடு அந்த மசகையும் கேட்டு வாங்குங்கள்.